கேட்காமல் வந்த தபால்தலைப் பொட்டலம்: செட்டிநாட்டுப் புதுச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தபால்தலை சேகரிப்பில் புதிதாக இறங்கியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கண்காட்சியில் பேரும் முகவரியும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அல்லது பெட்டகத்தில் கிடந்த ரங்கூன் கடித உறை ஒன்றைப் படம் எடுத்து யாரிடமாவது விலை விசாரித்திருப்பீர்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்கு ஒரு தடித்த உறை வரும். உள்ளே கிளாசின் என்னும் மெல்லிய வழவழப்பான தாளில் வரிசையாகத் தபால்தலைகள், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் விலை, கூடவே ஒரு சீட்டு: ‘பிடித்ததை வைத்துக்கொண்டு பணத்தை அனுப்பவும், மீதியைப் பத்து நாளில் திருப்பவும், தவறினால் முழுத் தொகையும் செலுத்த வேண்டும்.’

இந்த வியாபாரத்தில் இதை அப்ரூவல் என்பார்கள். நீங்கள் கேட்டு வாங்கினால் நல்ல முறைதான். கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்குத் தபால்தலையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. கேட்காமலே அனுப்பிவிட்டுப் பணம் கேட்பதுதான் தொல்லை. எங்கள் வீட்டுக்கும் அப்படி வந்தது. நினைவூட்டல் கடிதம், போன், வக்கீல் பெயரில் நோட்டீஸ் என்று நீண்டுகொண்டே போனது. அஞ்சலகத்திலும் வக்கீலிடமும் அலைந்து தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இந்த மிரட்டலுக்குப் பயந்து பிள்ளைகள் ஆல்பத்தையே மூடி வைத்துவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், கேட்காத பொட்டலத்துக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. உங்கள் கைக்காசில் திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு தபால்தலையைக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது, வேண்டாம் என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

1. முடிந்தவரை வாசலிலேயே மறுத்துவிடுங்கள்

செலவே இல்லாத வழி இதுதான். தபால்காரர் கொண்டுவரும் உறையில் அனுப்புநர் பெயரைப் பாருங்கள். தெரியாத தபால்தலை வியாபாரி என்றால் பிரிக்காமல் ‘வேண்டாம், திருப்பிடுங்க’ என்று சொல்லுங்கள். வாங்க மறுத்ததாக அவர் குறித்துக்கொண்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். உங்களுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தால், அஞ்சலகத்தில் ஏழு நாள் வைத்திருப்பார்கள். நீங்கள் போய் வாங்காவிட்டால் தானாகவே திரும்பிவிடும்.

உறையைப் பிரித்துவிட்டால் இந்த வசதி போய்விடும். சும்மா பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தால் அஞ்சலகத்தில் ஏற்க மாட்டார்கள்.

நம் பக்கத்து வீடுகளில்தான் இது சிக்கலாகிறது. சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் முகப்பில் உட்கார்ந்திருப்பார், அல்லது வயதான ஆச்சி ஒருவர் தனியாக இருப்பார். ‘ஐயாவுக்குத்தானே வந்திருக்கு’ என்று நல்லெண்ணத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார்கள், பணம் கேட்டால் அதையும் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இன்றே அவர்களிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொட்டலம் எதையும் உங்களிடம் போனில் கேட்காமல் வாங்கக் கூடாது. போனுக்கு வரும் ஓடிபி எண்ணை, பொட்டலம் வேண்டும் என்று முடிவான பிறகுதான் சொல்ல வேண்டும். ‘ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாச்சு’ என்று கூரியர் பையன் சொல்வதை நம்பக் கூடாது.

விபிபி (வேல்யூ பேயபிள் போஸ்ட்), அதாவது பணம் கட்டிப் பெறும் தபால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் உறை கைக்கு வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க முடியாது. கட்டிய பணம் அஞ்சலகம் வழியாக அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று உறுதி சொல்லித்தான் ஒருவர் விபிபி அனுப்ப வேண்டும். கேட்காத பொருளை விபிபியில் அனுப்புவதே முறைகேடு. வீட்டில் யாராவது தெரியாமல் பணம் கட்டிவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ உங்கள் அஞ்சலகத்துக்குப் போய், ‘நான் ஆர்டர் கொடுக்கவில்லை, பணத்தை அனுப்புநருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்’ என்று போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுங்கள். உறையையும் கட்டிய ரசீதையும் காட்டுங்கள். நாள் தள்ளினால் பணம் போய்விடும், அதன் பிறகு துரத்துவது பெரும்பாடு.

2. உண்மையிலேயே நீங்கள் கேட்கவில்லையா? உறுதி செய்துகொள்ளுங்கள்

சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அஞ்சல் துறையில் பிலாட்டலிக் டெபாசிட் கணக்கு வைத்திருக்கிறீர்களா? குறைந்தது 200 ரூபாய் கட்டித் தொடங்கும் அந்தக் கணக்கில், புதுத் தபால்தலை வெளியாகும்போதெல்லாம் நீங்கள் குறித்துக் கொடுத்தபடி அவர்களே அனுப்புவார்கள், பணமும் கணக்கில் கழியும். அது நீங்கள் கேட்டதுதான். உறையில் பிலாட்டலிக் பீரோ (அஞ்சல் துறையின் தபால்தலை விற்பனைப் பிரிவு) என்று இருந்தால் பதறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலவசக் கூப்பன். ‘100 வெளிநாட்டுத் தபால்தலைகள் இலவசம்’ என்ற விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அப்ரூவல்களும் அனுப்பப்படும்’ என்று இருக்கும். அதை நிரப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் கேட்டதாகத்தான் ஆகும். அப்போது சட்டமும் மாறிவிடுகிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 24ஆம் பிரிவுப்படி, ஒப்புதலுக்காகப் பெற்ற பொருளை, வேண்டாம் என்று சொல்லாமல் குறித்த நாளைத் தாண்டி வைத்திருந்தால் அது உங்களுக்கு விற்றதாகிவிடும். ஆகவே கூப்பன் நிரப்பியவர்கள் கெடு முடிவதற்குள் மறுப்பை எழுதி, தபால்தலைகளையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை அப்படி எழுதிப் போட்டிருந்தால் திட்ட வேண்டாம். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பிள்ளையின் வயதைக் குறிப்பிட்டுப் பெற்றோர் எழுதினால் போதும். அப்ரூவலையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது நமக்கே உரியது. ஒரே வீட்டில் பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்), எல்லாருக்கும் ஒரே விலாசம், தாத்தா பெயரே இரண்டு பேரன்களுக்கு. உறை உங்களுக்கு வந்ததா, பக்கத்துப் பங்காளிக்கு வந்ததா என்று முதலில் கேளுங்கள். அவர் உண்மையாகவே ஆர்டர் கொடுத்திருக்கலாம். நீங்கள் பிரித்துப் பயன்படுத்திவிட்டால் பணம் அவர் தலையில் விழும், மனஸ்தாபம் மிஞ்சும்.

3. உறையைப் பிரித்தாகிவிட்டதா? அப்படியே வைத்து ஆவணமாக்குங்கள்

மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, முதலில் உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். தபால் முத்திரைத் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். பிறகு உள்ளே இருந்த ஒவ்வொரு தாளையும், விலை தெரியும்படி. சீட்டில் இருக்கும் ‘க்யூஆர்’ குறியை ஸ்கேன் செய்யாதீர்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது, ஆர்டரை உறுதி செய்ததாகவும் அதையே காட்டலாம்.

எந்தத் தபால்தலையையும் தாளிலிருந்து கழற்ற வேண்டாம். ஹிஞ்ச் என்னும் சிறு பசைத் தாள் போட்டு ஆல்பத்தில் ஒட்டவே வேண்டாம். இதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி, பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது. ‘பத்து நாளில் பதில் வராவிட்டால் வாங்கியதாகக் கொள்வோம்’ என்று அவர்களாக எழுதிக்கொள்வது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு, இலவசமாகக் கொடுக்கும் எண்ணமில்லாமல் ஒருவர் தந்த பொருளின் பலனை நீங்கள் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது. ஒரே ஒரு தபால்தலையை எடுத்து ஒட்டினாலும் எதிராளிக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். வேண்டுமென்றே கெடுத்தீர்கள் என்ற பேச்சு வரக் கூடாது. கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் காக்கும். மிண்ட், அதாவது பயன்படுத்தாத தபால்தலையின் பசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வந்த உறைக்குள்ளேயே திரும்ப வைத்து, ஈரம் படாத மர அலமாரியில் தட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும்.

4. மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள்

போனில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேசியதற்குச் சாட்சி இல்லை. உறை வந்த ஒரு வாரத்துக்குள் கடிதம் போய்விடுவது நல்லது. இப்படி எழுதலாம்:

‘தங்கள் உறை (தபால் முத்திரைத் தேதி …) என் முகவரிக்கு … அன்று வந்தது. இதிலுள்ள தபால்தலைகளை நான் கேட்கவில்லை, வாங்கவும் சம்மதிக்கவில்லை. எதையும் எடுக்காமல், பயன்படுத்தாமல், வந்தபடியே வைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் தங்கள் செலவில் ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம். அல்லது திருப்பி அனுப்பும் தபால் கட்டணத்தை முன்கூட்டியே அனுப்பினால் அனுப்பிவைக்கிறேன். என் வீட்டில் வேறு யாரும் என் சார்பில் எதையும் ஒப்புக்கொள்ள அதிகாரம் பெற்றவர்கள் அல்லர். இனி என் முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.’

இவ்வளவு போதும். கோபத்தைக் கொட்ட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். வியாபாரி வெளி மாநிலத்தவர் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் பெயரைச் சீட்டில் உள்ளபடியே எழுதி, இனிஷியல் தவறாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

அனுப்பும் வழி ஸ்பீடு போஸ்ட். பழைய ரிஜிஸ்டர் போஸ்ட் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் வந்த கட்டணப்படி, 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. கூடுதலாக 5 ரூபாயும் அதற்கான வரியும் கொடுத்தால் பதிவு வசதியும் சேரும், பெறுநர் கையிலேயே போய்ச் சேரும். ஆக மொத்தம் அறுபது ரூபாய் சொச்சம். ரசீதை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். அதிலுள்ள எண்ணைப் போட்டு, கடிதம் பட்டுவாடா ஆன தேதியைத் தேடி எடுத்து அச்சிட்டு வையுங்கள். சீட்டில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதே கடிதத்தை அதிலும் அனுப்புங்கள்.

5. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

அனுப்பியவருடையது. முறையாக வாங்கிய பொருளையே மறுக்கும்போதுகூட, மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும், திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. கேட்காத பொருளுக்கு அந்தக் கடமை எங்கிருந்து வரும்?

சிலர் ‘தொலையட்டும்’ என்று தாங்களே சாதாரணத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதுதான் பெரிய பொறி. பத்து நாள் கழித்து ‘வரவேயில்லை’ என்றோ ‘விலை உயர்ந்த இரண்டு தபால்தலை குறைகிறது’ என்றோ பதில் வரும், உங்களிடம் ரசீதும் இருக்காது. திருப்பித்தான் அனுப்புவேன் என்றால் அதையும் ஸ்பீடு போஸ்டில், உள்ளே வைத்தவற்றைப் படம் எடுத்து, பட்டியலோடு அனுப்புங்கள்.

வேறொரு வலையும் இருக்கிறது. ‘பணம் வேண்டாம், அதற்குப் பதிலாக உங்கள் வீட்டுப் பழைய பர்மா, மலாயா கடித உறைகளை அனுப்புங்கள்’ என்று கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கடைக்கணக்கும் முத்திரையும் உறையுமாக ஒன்றாக இருக்கும் ஒரு வீட்டுக் கடிதக் கட்டு, அவர்கள் அனுப்பும் பொட்டலத்தைப் போலப் பல மடங்கு பெறும். ஒருமுறை பிரிந்தால் மறுபடி சேராது.

முப்பது நாள் கழித்தும் யாரும் வரவில்லை என்றால்? எடுத்து வையுங்கள், விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். ‘கேட்காமல் வந்தது உனக்குப் பரிசு, வைத்துக்கொள்’ என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அது அமெரிக்கச் சட்டம், 1970இலிருந்து அங்கே அப்படி இருக்கிறது. பிரிட்டனிலும் 1971இல் இதற்கென்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டங்கள் நம்மூரில் செல்லாது.

6. மிரட்டல் வந்தால்

முதலில் நினைவூட்டல் வரும், அப்புறம் ‘கடைசி எச்சரிக்கை’, அப்புறம் வட்டி போட்ட பில். உங்கள் மறுப்புக் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டாம். தேதி குறித்துக் கோப்பில் போடுங்கள். போனில் பேசினால் ‘எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். ‘பாதியாவது கொடுங்கள், முடித்துக்கொள்வோம்’ என்பதற்கு மசியாதீர்கள். பாதிப் பணம் கொடுத்தால் வாங்கியதாக ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் மட்டும் வேறு. வாசலிலேயே மறுக்கச் சொன்னேனே, அதைத் தடித்த பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வக்கீலிடமிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும் உறையை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தாலும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இந்த வித்தியாசத்தையும் சொல்லி வையுங்கள். நோட்டீசில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் உங்கள் மறுப்புக் கடித நகலோடு ஒரு பதில் போனால் பெரும்பாலும் அத்தோடு ஓயும். வக்கீல் செலவுக்கு யோசிப்பவர்கள், காரைக்குடி அல்லது தேவகோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஆச்சி பெயருக்கு வந்த நோட்டீஸ் என்றால் தயங்காமல் போகலாம். போனில் கேட்க 15100.

7. எங்கே புகார் செய்வது

பணம் இன்னும் கொடுக்கவில்லை, தொந்தரவு மட்டும்தான் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை அடுத்த கடிதத்தில் குறிப்பிட்டாலே சில வியாபாரிகள் அடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஆள் வருவேன், அவமானப்படுத்துவேன் என்று பேசினால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

விபிபியிலோ கூரியரிலோ பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பணம் கொடுத்தோ கொடுக்க ஒப்புக்கொண்டோ வாங்கியவர்தான் சட்டப்படி நுகர்வோர், அதனால் அந்த ரசீது முக்கியம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தார் சிவகங்கைக்கும், கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்க்காரர்கள் புதுக்கோட்டைக்கும் போக வேண்டும். வியாபாரி கொல்கத்தாவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் நுகர்வோர் வழக்குகளுக்கான ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் பதியலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாள் பிடிக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவதா என்றால், எனக்குத் தெரிந்தவரை 1915 போதும்.

லிங்க் அனுப்பி யுபிஐயில் பணம் பிடுங்கியிருந்தால் கதை வேறு. தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அஞ்சலகத்தின் மீதே குறை என்றால் 1800 266 6868.

8. பார்த்ததும் ஆசை வந்துவிட்டால்

வரத்தான் செய்யும். அவர்களுக்கு அது தெரியும், நம் முகவரிக்கு என்ன அனுப்பினால் கை நீளும் என்பதும் தெரியும். 1942இல் ஜப்பானியர் காலத்தில் மயில் முத்திரை மேலச்சு (ஏற்கெனவே அச்சான தபால்தலையின் மேல் மறுபடி அச்சிடுவது) போட்ட பர்மா தபால்தலைகள், மலாயா ஆக்கிரமிப்புக் காலச் சதுர முத்திரை மேலச்சு போட்டவை, இவற்றைத்தான் முதல் தாளில் வைப்பார்கள். இரண்டிலும் போலி மேலச்சுகள் ஏராளம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் புதியவர் கை வைக்கக் கூடாத இடம் இது. பின் தாள்களில் அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் வண்ண வண்ணமாக இருக்கும். அவை தபாலில் ஓடாமல் விற்பதற்காகவே அச்சடித்து முத்திரை குத்தப்பட்டவை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விலை போகாது.

‘கேட்லாக் விலையில் பாதி’ என்பதிலும் மயங்க வேண்டாம். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற தபால்தலை நிறுவனத்தின் கேட்லாகில் (விலைப்பட்டியலில்) மலிவான தபால்தலைக்குப் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை, வியாபாரி அதை எடுத்துக் கொடுக்கும் கூலிதான், தபால்தலையின் மதிப்பு அல்ல.

ஒன்று உண்மையிலேயே வேண்டும் என்றால், முதலில் முழுப் பொட்டலத்தையும் மறுத்துக் கடிதம் எழுதிவிடுங்கள். பிறகு வேறு கடிதத்தில் அந்த ஒன்றை மட்டும் விலை பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

9. இனி வராமலிருக்க

கண்காட்சிப் பதிவேட்டில் வீட்டு முகவரிக்குப் பதில் மின்னஞ்சல் மட்டும் கொடுங்கள். பழைய உறையைப் படம் எடுத்து விலை கேட்கும்போது முகவரிப் பகுதியைத் தாள் வைத்து மறையுங்கள். தாத்தா காலத்து விலாசம்தான் இன்றைக்கும் உங்கள் வீட்டு முகவரி என்பதை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். வீடு மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் என்றால், உங்கள் தபால்களை நீங்கள் இருக்கும் ஊர் முகவரிக்குத் திருப்பிவிடும்படி உள்ளூர் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கோப்பை மூன்று ஆண்டு எறியாமல் வையுங்கள். பணப் பாக்கி என்று வழக்குப் போட வியாபாரிக்கு அவ்வளவு காலம் இருக்கிறது. உறை, படங்கள், மறுப்புக் கடித நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது, பட்டுவாடா அச்சு, 1915 புகார் எண், இவை ஒரே உறையில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.